ஆச்சியின் காதைக் காணோம்: ஒரு நினைவுப் புத்தகம் போட்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புத்தகம் போட்டுக் கொடுத்த கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. முதல் வரைவு கைக்கு வந்த அன்று கேட்டிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆச்சி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் திதிக்கு இங்கே சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழில் படம் போட்டு நினைவஞ்சலி கொடுப்பதோடு நிறுத்தாமல் சின்னதாக ஒரு புத்தகமும் போடலாம் என்று சித்தப்பா ஆரம்பித்துவைத்தார். தேக்கா பக்கம் மாடியில் இருக்கும் ஒரு கடை, பழைய படங்களைச் சரிசெய்து, வாழ்க்கைக் குறிப்பு எழுதி, கெட்டி அட்டை போட்டு அச்சடித்துத் தருகிறது. கடைப் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பையன் எங்களுக்காக இரண்டு சனிக்கிழமை கூடுதலாக உட்கார்ந்தான், அவனுக்குச் சங்கடம் வேண்டாம். 40 பக்கம், 15 பிரதி, 720 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). படம் சரிசெய்வதற்குப் படத்துக்கு 12 வெள்ளி தனி என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால், எல்லாம் தாளில் எழுதியிருக்கிறது அக்கா என்றார்கள். எழுதித்தான் இருந்தது, எறும்பு சைசில்.

சரி, படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டையே அங்கேதான்.

ஆச்சிக்கு இளவயதில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1955இல் தாத்தாவிடம் வருவதற்காக எடுத்த பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ரயிலேறி, பிறகு ரஜுலா கப்பலில் வந்தவர். தாத்தாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில், டாக்யார்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. கறுப்பு வெள்ளை, கட்டைவிரல் அகலப் படம், தோளில் முத்திரையின் பாதி வட்டம். அதில் ஆச்சிக்குப் பத்தொன்பது வயது, காது தோளைத் தொடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பாம்படம் என்ற பெரிய காதணியைப் போடுவதற்காகச் சின்ன வயதிலேயே காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, கனம் மாட்டி மாட்டித் தொங்கவிட்டு வளர்த்த காது. பிற்காலத்தில் அது பட்டிக்காட்டுத்தனம் என்று நிறையப் பேர் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஆச்சியிடமும் என் அத்தை கேட்டுப்பார்த்திருக்கிறாள். "எங்கம்மா வளத்த காது, நீ எதுக்குளா அறுக்கச் சொல்லுத?" என்று ஒரே கேள்வி, அதோடு பேச்சு முடிந்தது.

அந்தப் பாம்படத்தை மார்சிலிங்கில் வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) எடுத்தபோது விற்றுவிட்டார்கள். பார்க்க எவ்வளவு பெரிதாக இருக்கும், ஆனால் மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. உருக்கியபோது வந்த எடையைப் பார்த்துவிட்டு ஆச்சி நகைக்கடைக்காரரைத் திட்டிய திட்டு எங்கள் வீட்டில் இன்றைக்கும் பழமொழி மாதிரி ஓடுகிறது, இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு ஐம்பது வருடம் போல வெறும் காதுதான். சின்னப் பிள்ளைகள் மடியில் உட்கார்ந்தால் நேராக அதற்குள் விரலை விடும். நான் விட்டிருக்கிறேன், என் மகள் விட்டிருக்கிறாள்.

கடை அனுப்பிய 'சரிசெய்த' படத்தில் அந்தக் காது இல்லை!

கம்ப்யூட்டர் அதைக் கிழிசல் என்று நினைத்துக்கொண்டது போல. அழகாக ஒட்டி, உருண்டையாக ஒரு காது வைத்து, கம்மல் மாதிரி ஒரு புள்ளியும் வைத்திருந்தது. நிறம் மூன்று படி வெளுப்பு, உதட்டில் லேசாகச் சிவப்பு, முன்கையில் பச்சை குத்தியிருந்தது போயே போய்விட்டது. பார்த்தால் யாரோ சீரியல் நடிகை. எனக்குத்தான் இப்படித் தோன்றுகிறதோ என்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆச்சியும் அவரும் நாற்பது வருடத்துக்கு மேல் பாசார் மலாயிலேயே, அதாவது சந்தை மலாயிலேயே பேசிப் பழகியவர்கள், சந்தைக்குச் சேர்ந்து போய் எல்லாவற்றுக்கும் "மஹால், மஹால்" (விலை அதிகம்) என்று பேரம் பேசித் திரும்புவார்கள். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சியாப்பா?" என்றார். யார் இது என்று.

அதைத்தான் கடையிலும் போய்ச் சொன்னேன். முதலில் பேசிய பெண்மணி, எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம், எல்லாருக்கும் பிடித்துத்தான் இருக்கிறது என்றார். அப்புறம்தான் அந்தப் பையன் வந்தான். தஞ்சாவூர்ப் பக்கம், பாம்படம் பார்த்ததில்லை, ஆனால் கேட்டான். ஆச்சியின் ஐசி (அடையாள அட்டை), கடைசிப் பிறந்தநாளில் எடுத்த படம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தானாகச் செய்யும் மென்பொருளை மூடிவிட்டு, கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் மட்டும் கையாலேயே எடுத்தான். முத்திரையை எடுக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்றோம். இந்த இரண்டாவது படத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: கையால் செய்வீர்களா, தானாகச் செய்வதா, முகத்தில் ஏதாவது மாற்றினால் முன்னதாகக் காட்டுவீர்களா? படங்களை நீங்களே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கொண்டுபோங்கள், மூலப் படத்தை விட்டுவிட்டு வராதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படம் என்றால் பிய்க்கக் கூடாது, பல்லிடுக்கில் விடும் டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். எங்களுக்கு எட்டுப் படம் அப்படித்தான் பிழைத்தது.

அடுத்தது வாழ்க்கைக் குறிப்பு. இருபது கேள்வி உள்ள ஒரு படிவம் கொடுத்தார்கள், பிடித்த நிறம், பிடித்த பூ, பிடித்த கோவில் என்று. நிரப்பிக் கொடுத்தால் ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். வந்த பக்கத்தில் "பாசத்தின் பெருங்கடல்", "குடும்பத்தின் குலவிளக்கு", "அன்பின் சிகரம்" மூன்றும் ஒரே பத்தியில். பெயரை மாற்றினால் எந்த ஆச்சிக்கும் பொருந்தும், தாத்தாவுக்குக்கூடப் பொருந்தும். ஆச்சி பெருங்கடலெல்லாம் கிடையாது. கோபக்காரி, கணக்குக்காரி, புதன், சனி, ஞாயிறு மூன்று குலுக்கலுக்கும் ஃபோர்டி (4D) என்ற நான்கு இலக்க லாட்டரியில் நம்பர் எடுப்பவர். கனவில் செத்துப்போன அண்ணன் வந்தால் அவர் வீட்டு நம்பர், டாக்ஸியில் மோதப் பார்த்தால் டாக்ஸி நம்பர். படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் என் தம்பி இதை எழுதியிருந்தான், கடைக்காரர்கள் 'இறைவழிபாடு' என்று மாற்றியிருந்தார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று செய்தார்களாம். வீட்டில் இதற்கு ஒரு பெரிய வாக்குவாதம், பெரியப்பா ஃபோர்டி வேண்டவே வேண்டாம் என்றார், அத்தைதான் "அம்மா நம்பர் அடிச்ச காசுலதான் உனக்கு முதல் சைக்கிள்" என்று ஒரு போடு போட்டாள். சேர்த்தாயிற்று. இறைவழிபாடும் பொய் இல்லை, பங்குனி உத்திரத்துக்குப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவிலில் ஆச்சியைத் தேட வேண்டியதில்லை, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும் கூட்டத்தில் இருப்பார்.

இன்னொரு பிழையைச் சித்தப்பா பிடித்தார். தாத்தா 1955இல் "செம்பவாங் கப்பல் பட்டறையில்" வேலை செய்தார் என்று போட்டிருந்தார்கள். அப்போது அது பிரிட்டிஷ் கடற்படையின் டாக்யார்டு, 1968இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்து வணிகப் பட்டறையானது. சித்தப்பாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டிஷ்காரன் போகிறான், வேலை போய்விடும் என்று தாத்தா இரண்டு வருடம் தூங்காமல் இருந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில் வாழ்க்கைக் குறிப்பை நாங்களே உட்கார்ந்து எழுதினோம், ஆளுக்கு ஒரு பக்கம். எழுதும் கட்டணம் 80 வெள்ளியில் பாதியைக் கழித்துக்கொண்டார்கள், அதுவும் நான் கேட்ட பிறகு.

தமிழ் எழுத்து விஷயம். நாங்கள் யூனிகோடில் தட்டி அனுப்பியது அவர்கள் வடிவமைப்பு மென்பொருளில் உடைந்துபோய், 'கொ'வில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது, நடுவில் புள்ளி வட்டம் வேறு. இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எல்லாக் கடையிலும் அதைப் பார்க்கத் தமிழ் படிக்கிற ஆள் இருப்பதில்லை. அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப் வாங்கி, கொ, கை, ஸ்ரீ இருக்கும் வரிகளை மட்டுமாவது கண்ணால் பாருங்கள். எங்களுக்குப் பதினொரு இடம். 'கொழுக்கட்டை' உடைந்திருந்ததைப் பார்த்து எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

அச்சு, தாள், தையல் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, குறை இல்லை. சொன்ன தேதிக்கு நான்கு நாள் தாமதம், திதிக்கு முன்னால் வந்துவிட்டதால் மன்னித்தோம்.

பின்னட்டையில் ஒரு கியூஆர் கட்டம், கைப்பேசியைக் காட்டினால் ஆச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு கேட்கும். ஆச்சிக்கு அது ஃபோன் இல்லை என்று கடைசிவரை விளங்கவில்லை. "ஏளா, வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு நாம் பதில் சொல்வதற்காகக் காத்திருப்பார், பின்னால் ஒலி 96.8 தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் "சத்தத்தையே காணோம்" என்று முணுமுணுத்து மறுபடி கேட்பார். பின்னணி இரைச்சலை எடுத்து, இடைவெளிகளை வெட்டித் தர 18 வெள்ளி என்றார்கள். கைவைக்காமல் அப்படியே போடச் சொல்லிவிட்டோம். அந்த இணைப்பு ஐந்து வருடம்தான் வேலை செய்யுமாம், பிறகு புதுப்பிக்கக் கட்டணம். கோப்பை நாங்கள் மூன்று இடத்தில் சேமித்துவைத்திருக்கிறோம், நீங்களும் கடையை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு பிரதி சொல்லியிருக்கிறோம், ஒன்று பக்கத்து வீட்டுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, படம் பார்ப்பார். வெள்ளிக்கிழமை வரும் என்றான் பையன்.