டென்ஸ் பேட்ச்: மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஜெல்தான் உயிரை வாங்குது

முதுகுவலி, முழங்கால் வலிக்கு மருந்தில்லாமல், தோல் வழியாக லேசான மின்சாரம் பாய்ச்சி வலியை மட்டுப்படுத்துகிற டென்ஸ் (TENS) பேட்ச் வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்காக இது. பேட்டரி, மோடு எண்ணிக்கை எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது, மெஷினின் மின்சாரத்தைத் தோலுக்குக் கடத்துகிற பசை வில்லையான ஜெல் பேடின் சங்கதி.

ஒரு ஜோடி பேட் 20 முதல் 30 தடவை ஒட்டும் என்பார்கள். வியர்வை கொட்டுகிற மே மாதத்தில் அதில் பாதி வந்தால் பெரிசு. ஜெல் வியர்வையைக் குடித்து ஊறி, கொழகொழவென்று வழுக்கும். தேங்காய் எண்ணெயோ வலித் தைலமோ தடவிய தோலில் ஒட்டினால் ஒரே நாளில் காலி. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்ட வேண்டும். முடி அதிகமென்றால் கத்தரித்தால் போதும். சவரம் செய்த உடனே ஒட்டினால் எரியும்.

முழங்காலில் இன்னொரு தொல்லை. சிப்பிமேல் ஒட்டினால் காலை மடக்கியதும் ஓரம் பிரியும். இரண்டு பக்கமும் ஒட்டுவதே சரி. ஓரம் பிரிந்தால் அதே மின்சாரம் சின்ன இடத்து வழியாகப் பாயும், ஊசி குத்துவதுபோல் சுருக்கென்கும். அப்போது அளவைக் குறைத்துப் பயனில்லை. அணைத்துவிட்டுப் பேடைத் திரும்ப ஒட்டுங்கள்.

கழற்றும்போது ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்து, பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி, ஜிப் கவரில் போடவும். காய்ந்துபோன ஜெல்லில் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவி, சில நிமிடம் விட்டால் இன்னும் நாலைந்து தடவை ஓடும்.

வலி குறைகிறதா? ஓடும்வரை குறைகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். 80–100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை மின்துடிப்பு), தசை துடிக்காத அளவுக்கு நல்ல குறுகுறுப்பு இருக்க வேண்டும். பழகிப்போனால் ஒரு படி ஏற்றணும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் 1965-ல் சொன்ன 'கதவு' கோட்பாடுதான் அடிப்படை: குறுகுறுப்பு முந்திக்கொண்டு வலியின் வழியை அடைக்கிறது. அணைத்துக் கொஞ்ச நேரத்தில் வலி திரும்ப எட்டிப் பார்க்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், கர்ப்பிணி வயிறு, சர்க்கரையால் மரத்துப்போன பாதம், இங்கெல்லாம் ஒட்டாதீர்கள். வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் வேண்டாம்.

எந்தக் கம்பெனியானாலும் சாதாரண பட்டன் பேட் பொருந்துகிற மாடலாக இருக்கட்டும். தனி வடிவ பேட் என்றால், அது கடையில் கிடைக்காத அன்றைக்கு மெஷின் வெறும் டப்பா.

இந்த வெயிலுக்கு இதை வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. அடுத்த செட் பேட் மட்டும் ஆர்டர் போட்டாயிற்று.