பட்டர்நட்டா, டெலிகாட்டாவா, கபோச்சாவா? பிள்ளைகளுக்கு ஓவனில் சுட எந்தப் பூசணி?

செப்டம்பர் பிறந்துவிட்டால் கனடாவிலும் அமெரிக்காவிலும் காய்கறிக் கடை வாசல்களில் பெரிய பெரிய பெட்டிகளில் பூசணி வகைகள் குவிந்துவிடும். நம்மவர்கள் பெரும்பாலும் பட்டர்நட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறோம். சாம்பாருக்கும் கூட்டுக்கும் அது போதும். ஆனால் ஓவனில் சுட்டு, தயிர்சாதத்துக்கோ பருப்புச்சாதத்துக்கோ பக்கத்தில் வைத்து, பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. என் ஓட்டு டெலிகாட்டாவுக்கு. அடுத்தது கபோச்சா. பட்டர்நட் மூன்றாவதுதான், வெட்டுகிற விதத்தை மாற்றினால் ஒரு படி மேலே வரும். ஏகார்ன் என்கிற வரி விழுந்த பூசணி கடைசி.

பிள்ளைகள் பூசணியை ஒதுக்குவது ருசிக்காக என்று நான் நம்புவதில்லை. இனிப்பு யாருக்குப் பிடிக்காது? வாயில் வைத்த உடனே கொழகொழவென்று கரைந்துபோகிறதே, அங்கேதான் சண்டை. கையில் எடுத்தால் நசுங்கக் கூடாது, கடித்தால் ஓரத்திலாவது கொஞ்சம் மொறுமொறுப்பு இருக்க வேண்டும். அதனால் தண்ணீர் எதில் குறைவு, பிடித்துக் கடிக்க எது வாகாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். வேலை முடிந்து வந்தவர் அரை மணி நேரத்தில் தட்டில் போட முடிகிறதா என்பது அடுத்த கேள்வி.

பட்டர்நட்டில் தொடங்குவோம், அது நமக்குச் சொந்தக்காரக் காய். ஊரில் கிடைக்கும் பரங்கிக்காயும் அதுவும் ஒரே தாவர இனம், குக்குர்பிட்டா மோஸ்கேட்டா. பட்டர்நட் வகை 1940களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவானது. குழம்பில் போட்டால் வித்தியாசமே தெரியாததற்கு இந்த உறவுதான் காரணம். சத்தைப் பார்த்தாலும் இதுதான் முன்னால் நிற்கும். 100 கிராம் பச்சைக் காயில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் ஆரஞ்சு நிறச் சத்து) ஏறக்குறைய 4,200 மைக்ரோகிராம். அதே எடை ஏகார்னில் சுமார் 220தான்.

தொல்லை தோல் சீவுவதில் இருக்கிறது. சீவச் சீவக் கசியும் பிசின் கையில் காய்ந்து, விரல் தோலை இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு மறுநாள் உரியவும் செய்யும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தொல்லை, ஒரே காய்க்குள் இரண்டு குணம். நீண்ட கழுத்துப் பகுதியில் விதை கிடையாது, சதை கெட்டி. கீழே உருண்ட பகுதியில் விதைக்குழியை ஒட்டி நார் ஓடும், ஈரமும் அதிகம். இரண்டையும் ஒரே ட்ரேயில் போட்டால் ஒன்று சிவப்பதற்குள் இன்னொன்று குழைந்துவிடும், அந்தக் குழைந்த துண்டுதான் முதலில் பிள்ளையின் வாய்க்குப் போகும். கழுத்தை ஓவனுக்கு எடுத்துக்கொண்டு உருண்டையை மறுநாள் சாம்பாருக்கு ஒதுக்கிவிடுங்கள். கடையிலேயே கழுத்து தடித்து நீண்ட காயாகப் பார்த்து எடுங்கள். தோலில் பச்சைக் கோடு இருந்தால் முற்றவில்லை என்று அர்த்தம். காம்பு ஒட்டியிருந்தால் நல்லது.

2 செ.மீ. துண்டுகள், 425 டிகிரி ஃபாரன்ஹீட் (220 செல்சியஸ்), அரை மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. நெருக்கிப் போட்டால் ஆவியிலேயே வெந்துவிடும், சிவக்காது. ஒரு ட்ரேயில் அடங்காவிட்டால் இரண்டு ட்ரே வையுங்கள். வெட்டி உறையவைத்த பாக்கெட் வாங்கினால் தோல் சீவும் வேலை மிச்சம்தான், ஆனால் உறையும்போது சதை உடைந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அது சூப்புக்கு.

டெலிகாட்டாவுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. வெளிர் மஞ்சள் தோலில் பச்சை வரி ஓடிய, ஒரு சாண் நீளக் காய். தோல் மெல்லியது, வெந்ததும் அப்படியே தின்னலாம். 1890களிலேயே அமெரிக்காவில் விதை விற்பனைக்கு வந்த வகை. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கரண்டியால் விதையைச் சுரண்டி எடுத்து, ஒரு செ.மீ. தடிமனில் குறுக்கே நறுக்கினால் அரைவட்டத் துண்டுகள் கிடைக்கும். அதே 425 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ட்ரேயில் படும் பக்கம் பழுப்பாகும், தோல் துண்டை உடையாமல் பிடித்துக்கொள்ளும், உள்ளே மட்டும் மெதுமெதுவென்று இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து கடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், ‘ஊட்டிவிடட்டுமா’ என்று கேட்கத் தோன்றாது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு காய் இரண்டு பேருக்குத்தான் காணும். எடைக்கு விலை பட்டர்நட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். பட்டர்நட் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் மூன்று மாதம் தாங்கும், இது அவ்வளவு நாள் நிற்காது. பனிக்காலம் பாதி தாண்டினால் பல கடைகளில் கண்ணிலேயே படாது. நாள்பட்ட காயின் தோல் தடித்துவிடும், பிள்ளைகள் மென்று துப்புவார்கள். அப்படிப்பட்ட காய்க்குத் தோல் சீவ வேண்டி வந்தால் அதை வாங்கியதற்கே பொருளில்லை.

கபோச்சா ஜப்பானியச் சமையலில் ஊறிய காய். கரும்பச்சைத் தோல், அடர் ஆரஞ்சுச் சதை. தண்ணீர் மிகக் குறைவு, சுட்டால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி மாவு மாவாக இருக்கும். உருளைக்கிழங்கைத் தவிர வேறு காயைத் தொட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு டெலிகாட்டாவை முந்திக்கொண்டு இதைத்தான் கொடுப்பேன். அறுத்த உடனே இதற்கு ருசி வராது. சில வாரம் கிடந்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும். ஆகவே கடையில் காம்பு காய்ந்து தக்கை போலாகிவிட்ட காயைத் தேடுங்கள்.

ஆனால் வெட்டுவது பெரிய வேலை. நடுவில் கத்தியை இறக்கினால் பாதியில் சிக்கிக்கொண்டு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. பிள்ளைகள் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும் சமையலறையில் அந்த மல்லுக்கட்டு வேண்டாம். நாலைந்து இடத்தில் கத்தி முனையால் ஆழமாகக் குத்தி, முழுக்காயை மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் தோல் இளகும். பிறகு காம்பை விட்டுத் தள்ளிக் கத்தியை வைத்து அழுத்துங்கள். பிறைத் துண்டுகளாக 400 டிகிரியில் அரை மணி நேரம், தோலோடு. உலர்ந்த காய் என்பதால் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் ஒட்டும். நெய்யோ தயிரோ சேர்த்து மசித்துக் கொடுங்கள்.

ஏகார்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளமும் மேடுமாக வரி விழுந்த தோல், சீவ முடியாது. சதை நார் நாராகவும் ஈரமாகவும் இருக்கும். பாதியாக வெட்டிக் குழியில் வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரை மாதிரியான பழுப்புச் சர்க்கரையும் போட்டு முக்கால் மணி நேரம் சுடுவது இங்குள்ளவர்கள் வழக்கம். பார்க்க அழகுதான். பிள்ளை அந்தச் சர்க்கரைப் பாகை நக்கிவிட்டு மிச்சத்தை வைத்துவிடும்.

இங்கேதான் இன்னொரு போட்டியும் வருகிறது, இனிப்பா காரமா என்று. இந்த ஊர்க் குறிப்புகளில் பாதிக்கு மேல் மேப்பிள் சிரப், பட்டைத்தூள் என்றே போகும். ஏற்கெனவே இனிக்கிற காய்க்கு மேலே சர்க்கரை எதற்கு? 425 டிகிரியில் சிரப் ஓரம் கருகவும் செய்யும். போட்டே ஆக வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, சூடுபண்ணினாலும் அதன் ஆபத்து போகாது. எங்கள் வீட்டில் எண்ணெய், உப்பு, சீரகத்தூள் மட்டும் பிரட்டி உள்ளே போகும். வெளியே எடுத்ததும் எலுமிச்சை இரண்டு சொட்டு. பெரிய பிள்ளைகளுக்கு, சூடு அடங்குவதற்குள் மேலே இட்லிப் பொடியும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும். பொடியை முதலிலேயே தூவினால் கருகிக் கசக்கும், அதனால் கடைசியில்தான்.

முதல் தடவையே தட்டு காலியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுக் காய் பிள்ளைகளுக்குப் பழக எட்டு, பத்து தடவையாவது கண்ணில் பட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டே துண்டு, வற்புறுத்தல் இல்லாமல். பிடித்துப்போய் தினமும் தின்ன ஆரம்பித்தால் உள்ளங்கையும் மூக்கும் கொஞ்சம் மஞ்சளிக்கலாம். அது கரோட்டின், கெடுதல் இல்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளானால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

‘கசக்குதும்மா’ என்று சொன்னால் மட்டும் அதைச் சாக்குப்போக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். பூசணிக் குடும்பத்தில் எப்போதாவது ஒரு காயில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் அதிகமாகிவிடும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், வேகவைத்தாலும் போகாது. உப்போ சர்க்கரையோ போட்டு மறைக்கப் பார்க்காமல் அந்தக் காயை முழுசாகக் குப்பையில் போடுங்கள். அன்றைக்குத் தயிர்சாதத்துக்கு அப்பளம் போதும்.