சின்னப் பிள்ளைகளோடு வன்னியிலிருந்து வெளிநாடு: நேர்ப் பறப்பா, வளைகுடா வழியா, பலாலி வழியா?

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ ஒரு சகோதரம் இல்லாத வீட்டை வன்னியில் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். விசா வந்த கதை ஒழுங்கைக்குள் பரவினால் டிக்கெட் என்ன விலை என்று கேட்பவர்கள் குறைவு. "இந்தக் குஞ்சுகளையும் கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் பிள்ளை போகப்போறாய்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். பிளேனுக்குள் வீரிட்டு அழுதால்? காது குத்தினால்? நடு வானில் காய்ச்சல் காய்ந்தால்? பக்கத்து சீற்றுக்காரர் ஏசினால்?

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பயணத்திலும் பிளேனுக்குள் இருக்கிற நேரம்தான் இலேசான பகுதி. பிள்ளையையும் தாயையும் ஆட்டிப்படைப்பது அதற்கு முன்னால் வருகிற ரோட்டும், இடையில் வருகிற வரிசைகளும்தான். அதனால் பாதைகளை ஒப்பிடும்போது நான் பறக்கிற மணித்தியாலத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. நித்திரையான பிள்ளையை எத்தனை தரம் எழுப்ப வேண்டும், பைகளை எத்தனை தரம் தூக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பேன்.

வீட்டுப் படலையிலிருந்து கட்டுநாயக்கா வரை

வழமையான வழி வாடகை வான். கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாக வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் போய், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று இறங்கினால் கொழும்பைத் தொடாமலே கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்விடலாம். பிள்ளைகளுக்காக நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறேழு மணித்தியாலம். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் ஒட்டுசுட்டான், மாங்குளம் வந்து ஏற வேண்டும். வானின் பெரிய வசதி, உங்கள் நேரத்துக்கு வெளிக்கிடலாம், பிள்ளை சத்தி எடுத்தால் நிறுத்தலாம். இரவில் ஓடினால் பிள்ளைகள் நித்திரை, ஆனால் சாரதியும் நித்திரைக் கண்ணோடு இருப்பார். நொச்சியாகமம் தாண்டிக் கருவலகஸ்வெவப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். கெதியாகப் போங்கோ தம்பி என்று அந்த இடத்தில் யாரும் சொல்லக் கூடாது.

ரயிலைப் பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கும். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்த பிறகு அது நல்ல வழிதான். எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, யன்னலால் பார்க்க மாடும் வயலும் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வடக்குப் பாதை கொழும்புக் கோட்டைக்குப் போகிறது. கட்டுநாயக்காவால் போவது புத்தளம் பாதை. இரண்டும் ராகமையில்தான் சேர்கின்றன. ஆகவே கோட்டையில் இறங்கி, ஆளுக்கொரு பிள்ளையும் ஆளுக்கிரண்டு சூட்கேசுமாக வாகனம் பிடித்து, வந்த பக்கமே திரும்ப வடக்கே ஓட வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் இரவு தங்க வீடு இருந்தால் மட்டும் ரயில். இல்லாவிட்டால் வேண்டாம்.

மூன்றாவது வழியைத்தான் எங்கள் ஆட்கள் வீண்செலவு என்பார்கள்: முதல் நாள் பகலில் வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்குவது. விமான நிலையம் பக்கத்தில். பிள்ளைகள் குளித்து, சோறு தின்று, கட்டிலில் படுத்து எழும்பிப் போவார்கள். சூட்கேசில் நாலு கிலோ மிளகாய்த்தூளைக் குறைத்து, அந்தக் காசையும் பலத்தையும் இந்த அறைக்குப் போடுங்கள் என்பேன். முக்கியமாக, அதிகாலைப் பறப்பு என்றால். விடியப்புறம் மூன்று நான்கு மணிக்குப் புறப்படுகிற பிளேனுக்காகப் பின்னேரமே வீட்டை விட்டு வெளிக்கிட்டு, இரவு பத்து மணிக்கு வெளிச்சக் கூடத்துக்குள் பிள்ளையை எழுப்பி இறக்குவதைப் போலப் பயணத்தைக் கெடுக்கிற தொடக்கம் வேறில்லை.

முறுகண்டியில் நிற்காமல் எந்த வாகனமும் போகாது, தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள், கச்சானும் வாங்குங்கள், ஆனால் அந்தச் சரை பெரியவர்களின் பைக்குள் இருக்கட்டும். நாலைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கிற சாமான். ஓடுகிற வானுக்குள்ளும் பறக்கிற பிளேனுக்குள்ளும் அது வேண்டவே வேண்டாம்.

வானத்தில் மூன்று பாதை

இலண்டனை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே மூன்று வழிக்கும் இடமுண்டு.

ஸ்ரீலங்கன் விமானம் கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரே போகிறது, சுமார் பதினொரு மணித்தியாலம். பெரும்பாலும் மதியத்தை ஒட்டிப் புறப்பட்டு, அன்றிரவே அங்கே இறங்கும். பகல் பறப்பு என்பதால் பிள்ளை முழித்திருக்கும். முதல் மூன்று மணித்தியாலம் திரையும் சாப்பாடும் புதினமுமாகப் போய்விடும். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரைதான் பாடு. அதற்குப் பிறகு சோர்ந்து விழுந்துவிடும். ஒரு தரம் ஏற்றம், ஒரு தரம் இறக்கம், பைகளை ஒரு தரம் ஒப்படைத்தால் போதும். இறங்கும்போது ஊர் நேரத்துக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும். வீட்டுக்குப் போனதும் பிள்ளை படுக்கும், அது பெரிய லாபம். குறை என்னவென்றால் விலை. வளைகுடா விமானங்களோடு பார்த்தால் பல நேரம் கூடத்தான் இருக்கும்.

வளைகுடா வழி என்றால் டோஹா, துபாய், அபுதாபி. அங்கே ஐந்து மணித்தியாலம் வரை, அங்கிருந்து இலண்டனுக்கு இன்னும் ஏழு. கணக்கில் நல்லாகத்தான் தெரியும். ஐந்து மணித்தியாலத்தில் கால் நீட்டலாம், பிள்ளை ஓடலாம், முகம் கழுவலாம். ஆனால் டிக்கெட் விற்பவர் சொல்லாத பகுதி அங்கே இறங்கினதும் வருகிற இரண்டாவது பாதுகாப்புச் சோதனை. சின்னவன் தோளில் வாயூறிக்கொண்டு நித்திரை. தள்ளுவண்டியை மடித்துப் பட்டியில் போடச் சொல்வார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கையால் மடிக்க வேண்டும். மற்ற கையில் பால்மாப் பை. பிளாஸ்கைத் திறந்து காட்டு என்பார் ஒருவர். மூத்தவள் சப்பாத்துக் கழற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்து வரிசைக்கு நடுவில் நிலத்தில் குந்திவிடுவாள், பின்னால் முப்பது பேர். பிளேனுக்குள் பிள்ளை அழுதால் ஏசுவார்கள் என்று பயந்தோமே, உள்ளே ஏசுபவர் அருமை. வியர்ப்பது இந்த வரிசையில்தான்.

அந்த வழியில் போவதானால் இடைவெளி நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஒன்றரை மணித்தியாலம் தனியாளுக்குச் சரி, பிள்ளைகளோடு ஓட்டப்பந்தயம். எட்டு மணித்தியாலம் என்றால் கதிரையில் கிடந்து வாட வேண்டும். மூன்று மணித்தியாலத்தை ஒட்டி வந்தால் சரி. இன்னொன்று: ஏறுகிற வாசலில் கொடுக்கிற உங்கள் தள்ளுவண்டி பல நேரம் கடைசி ஊரில்தான் திரும்பக் கிடைக்கும். டோஹா, துபாய் விமான நிலையங்களில் இலவசத் தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள், இறங்கினதும் கேட்டு வாங்குங்கள்.

பலாலி வழி வரைபடத்தில் பார்த்தால் ஆசையைக் கிளப்பும். பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்து, கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசெம்பரில் சென்னைப் பறப்பு திரும்பத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். இரவு ரோட்டு இல்லை, யானை இல்லை. பிறகு சென்னையிலிருந்து உலகம் முழுக்கப் பிளேன். சொந்தக்காரர் இதைச் சொல்லும்போது நியாயமாகத்தான் கேட்கும்.

இரண்டையும் வேறு வேறு டிக்கெட்டாக எடுத்திருந்தால் நிலைமை மாறிவிடும். சென்னையில் இந்தியாவுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்து, திரும்ப ஒப்படைத்து, திரும்பக் குடிவரவு தாண்ட வேண்டும். அதற்கு மடிக்குழந்தை உட்பட எல்லாருக்கும் இந்திய விசா வேண்டும். பலாலியில் ஓடுவது சின்னக் காற்றாடி விமானம், நீங்கள் கொண்டுபோகிற பொதிக்கு அங்கே கிடைக்கிற அளவு போதாமல் போகலாம். முதல் பறப்புப் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது விமானக்காரருக்கு அதில் பொறுப்பில்லை. திருச்சியிலோ சென்னையிலோ சொந்தங்கள் இருந்து, ஒரு கிழமை நின்று போகிற எண்ணம் இருந்தால் இது மூன்றிலும் இனிமையான வழி. ஒரே நாளில் தாண்டிப் போகவென்றால் நான் போக மாட்டேன்.

எதை எடுப்பது? கைக்குழந்தை என்றால் நேர்ப் பறப்பு. ஓடித் திரிகிற இரண்டு மூன்று வயது, கூட இரண்டு பெரியவர்கள் என்றால் வளைகுடா, காசும் மிச்சம். தாய் தனியே இரண்டு பிள்ளைகளோடு என்றால், கடன் படாமல் முடியுமானால் நேர்ப் பறப்பேதான்.

ரொறன்ரோவுக்கு இந்தத் தெரிவே இல்லை, கொழும்பிலிருந்து நேர்ப் பறப்புக் கிடையாது. வளைகுடாவில் மாறினால் ஐந்தும் பதினான்கும், இலண்டனில் மாறினால் பதினொன்றும் எட்டும். பதினான்கு என்றதும் மாமி நெஞ்சில் கை வைத்தார். எனக்கு அந்தப் பதினான்குதான் பிடிப்பு: பிள்ளை ஒரு முழு நித்திரை கொள்ளும், நடுவில் யாரும் எழுப்ப மாட்டார்கள். எந்த ஊரில் மாறினாலும் அந்த நாட்டின் இடைவழி விசா விதியை டிக்கெட் எடுக்க முதல் பார்த்துவிடுங்கள். மெல்பேண் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், இரவில் ஏறி நேரே போய் இறங்கலாம்.

மடியிலா, தனிச் சீற்றிலா

இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்திருந்தால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து வீதமளவு. இரண்டு முடிந்தால் தனிச் சீற்று கட்டாயம், முக்கால் கட்டணத்தை ஒட்டி வரும். போகும்போது ஒன்றேமுக்கால் வயது, ஐந்து மாதம் நின்று திரும்பும்போது இரண்டு தாண்டிவிடும் என்றால், திரும்புகிற டிக்கெட்டைச் சீற்றோடு எடுக்க வேண்டும். இதை மறந்து விமான நிலையத்தில் காசு தேடி ஓடுகிறவர்கள் உண்டு.

முன்சுவரில் கொளுவுகிற தொட்டிலை நம்பித்தான் பலர் மடியைத் தெரிவு செய்கிறார்கள். அது எல்லாச் சீற்றுக்கும் இல்லை. முன்கூட்டியே கேட்டுப் பதிய வேண்டும், பல விமானங்களில் பத்துப் பதினொரு கிலோவுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். பிளேன் குலுங்கிப் பட்டி போடச் சொல்லும் விளக்கு எரிந்தால், நித்திரையான பிள்ளையைத் தூக்கி மடியில் கட்ட வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்கு அது சொர்க்கம். ஒன்றரை வயதுக்காரனுக்கு அது கால் முட்டுகிற பெட்டி, அவனை நீண்ட பறப்பில் மடியில் வைத்திருப்பது தாயின் முதுகுக்குச் செய்கிற துரோகம். வசதி இருந்தால் அந்த வயதில் சீற்று எடுங்கள்.

காதுக்கும் நித்திரைக்கும்

காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கூட. இறங்க அரை மணித்தியாலம் இருக்கையில் தாய்ப்பாலோ போத்தலோ கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்க ஏதாவது. விழுங்கினால் அடைப்பு எடுபடும். நித்திரையாக இருந்தால் இந்த ஓர் இடத்தில் மட்டும் எழுப்பலாம். தடிமன், காதுக்குத்து இருந்தால் வெளிக்கிட முதல் டொக்டரிடம் காட்டுங்கள்.

"சளிப் பாணி ஒரு கரண்டி குடுத்துவிடு, போய்ச் சேருமட்டும் படுக்கும்" என்று சொல்லாத ஆச்சி இல்லை. மருந்து கொடுத்துப் படுக்கவைப்பதையும் சும்மா விடுவதையும் ஒப்பிடவே தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து நேர்மாறாக வேலை செய்து துள்ளவைக்கும். சின்னக் குழந்தைக்கு மூச்சை மந்தமாக்கவும் கூடும். பரசிற்றமோல் பாணியைக் காய்ச்சலுக்கு மட்டும் கைப்பையில் வையுங்கள், நிறைக்கேற்ற அளவை எழுதி ஒட்டி.

திரவம் நூறு மில்லிலீற்றருக்கு மேல் கூடாது என்ற விதியில் குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு, திறந்து காட்டச் சொல்வார்கள். பம்பஸ் நீங்கள் நினைக்கிறதைவிட இரண்டு மடங்கு. உடுப்பு பிள்ளைக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் ஒரு மாற்று. பிள்ளைச் சாப்பாட்டைக் குறைந்தது ஒரு நாள் முன்னரே சொல்லிவையுங்கள், ஆனாலும் அது உறைக்காத அந்நியச் சாப்பாடு, இடியப்பத்தை உலர்வாகக் கட்டிக்கொண்டு போனால் முதல் பத்து மணித்தியாலத்துக்கு உதவும். மிச்சத்தை இறங்க முதல் முடித்துவிடுங்கள். அவுஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமானைப் படிவத்தில் அறிவிக்காமல் விட்டால் தண்டம். இலண்டனுக்கு இங்கிருந்து இறைச்சியும் தயிரும் கொண்டுபோக முடியாது.

பத்திரங்களைப் பற்றி ஒரு சொல். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பை கிண்டப்பட்ட தலைமுறை நாங்கள். சீருடை போட்டவர் கடவுச்சீட்டை இரண்டு தரம் புரட்டினாலே கை விறைக்கும், பிள்ளை அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கும். பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, தகப்பன் கூட வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில், கேட்க முதல் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். கனடா அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லியே பரிந்துரைக்கிறது.

போய் இறங்கின முதல் கிழமை பிள்ளைகள் விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பிச் சோறு கேட்பார்கள், கொடுங்கள். பின்னேரத்தில் வெயிலைக் காட்டினால் கெதியாகச் சரிவரும். திரும்பி வரும்போது, கிழக்கே வருவதால், இன்னும் கொஞ்சம் கூடப் பிடிக்கும். அதற்கும் ஒரு ஒப்பீடு உண்டு: கட்டுநாயக்காவுக்கு ஏற்ற வருகிற வானில் சித்தப்பா குடும்பம் முழுக்க வருவதா, சாரதி மட்டும் வருவதா. சாரதி மட்டும். இல்லாவிட்டால் புத்தளம் வரைக்கும் ஒரு பிள்ளை சூட்கேசுக்கு மேலே, மற்றது சித்தியின் மடியில்.