ஒரு நெட்வொர்க் கார்டு, மூன்றரை வருஷம்

மாடியறையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் 2.5 ஜிகாபிட் கார்டு ஒன்றைப் போட்டு மூன்றரை வருஷம் ஆகிறது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் நான் பட்ட பாட்டில் பாதி நானே வரவழைத்துக்கொண்டது. வாங்கிய வாரமே டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட வரியையெல்லாம் மாற்றினேன். இன்று அதில் இரண்டே இரண்டுதான் மாற்றியபடி இருக்கின்றன.

முதலில் கை வைத்தது ஸ்பீடு, டூப்ளெக்ஸ் வரியில். ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிந்தால் ஃபுல் டூப்ளெக்ஸ், மாறி மாறித்தான் என்றால் ஹாஃப். கீழே ஹாலில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஃபைல் காப்பி செய்தால் நொடிக்கு 11 எம்பி தாண்டவில்லை. லிங்க் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. 'ஆட்டோ'வை எடுத்துவிட்டு 1 ஜிகாபிட் என்று வைத்தேன், லிங்க்கே போய்விட்டது. அடுத்து 100 ஃபுல் டூப்ளெக்ஸ் வைத்ததில் இன்னும் மோசம். பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) ஒழுங்காக ஓடுகிறது, காப்பி மட்டும் நத்தையாக ஊர்கிறது. ஒரு பக்கம் ஃபுல் என்று அடித்துச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டால், அந்தப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் குற்றவாளி கேபிள். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சுவர் ஓரத்து முனையில் பிரவுன் கம்பி ஒன்று பின்னைத் தொடவே இல்லை. வெட்டிவிட்டு மறுபடி முனையை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தேன், ஆட்டோவிலேயே 110 எம்பி வந்துவிட்டது. இரண்டு நாள் செட்டிங்கோடு மல்லுக்கட்டியதற்குப் பதில் பத்து நிமிஷம் கேபிளைப் பார்த்திருக்கலாம்!

டேட்டாவைப் பெரிய பெரிய பொட்டலமாக அனுப்பும் ஜம்போ ஃபிரேம் ஆசையும் வந்தது. கம்ப்யூட்டரிலும் ஸ்டோரேஜ் பெட்டியிலும் 9000 பைட் வைத்தேன். ஃபோல்டர் திறக்கும், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், பெரிய ஃபைலை இழுத்தால் அப்படியே நின்றுவிடும். நடுவில் இருந்த சின்ன ஸ்விட்ச் அவ்வளவு பெரிய ஃபிரேமை விடாது. சரி, வேண்டாம் என்று பழைய 1500க்கே திரும்பிவிட்டேன்.

ஐபி விலாசத்தைக் கார்டிலேயே 192.168.1.50 என்று எழுதி வைத்தது அடுத்த தப்பு. ரூட்டர் தானாகக் கொடுக்கும் பட்டியலுக்குள் அந்த எண்ணும் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்தில் வீட்டு ஃபோன் ஒன்று அதை வாங்கிக்கொண்டது. காலையில் இரண்டுக்கும் மோதல். அப்புறம் கார்டை டிஎச்சிபிக்கு, அதாவது ரூட்டரே விலாசம் கொடுக்கும் முறைக்கு விட்டுவிட்டு, ரூட்டரில் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் விலாசத்துக்கு அந்த எண்ணை ஒதுக்கி வைத்தேன். அன்றிலிருந்து தகராறு இல்லை.

இப்போது அந்த இரண்டு வரிகள். ஒன்று, ஷட்டவுன் ஆன பின்னும் நெட்வொர்க் வழியே கம்ப்யூட்டரை எழுப்பும் வேக் ஆன் லேன். இதற்கு, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் செட்டிங்கிலும் அனுமதி தர வேண்டியிருந்தது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைக்க வேண்டியிருந்தது. இன்னொன்று எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட். டேட்டா ஓடாத நேரத்தில் லிங்க்கைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. 2010இலேயே வந்த தரநிர்ணயம். நல்ல எண்ணம்தான், ஆனால் என் கார்டுக்கும் ரூட்டருக்கும் இதில் ஒத்துப்போகவில்லை. வீடியோ கால் நடுவே இரண்டு மூன்று நொடி அறுந்து மறுபடி வரும். ஈவென்ட் வியூவரில் லிங்க் போனதும் வந்ததும் வரிசையாகப் பதிவாகியிருந்தன. அணைத்தேன், நின்றது.

ஒரே எரிச்சல், டிரைவர் அப்டேட். புது டிரைவர் ஏறும்போது சில சமயம் எல்லா வரியும் பழையபடி ஆகிவிடுகிறது. அதனால் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் கால் மறுபடி அறுந்தபோது கேபிளையும் தொடவில்லை, ரூட்டரையும் தொடவில்லை. நேரே அந்த வரியைத் திறந்தேன். 'எனேபிள்டு' என்று உட்கார்ந்திருந்தது.