ஐரிஷ் வழிப் பள்ளியா, ஆங்கில வழியா?

அயர்லாந்தில் காது கேளாத பிள்ளைக்கு எது நல்லது?

உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஐரிஷ் கடினம்தான். 'அ பாட்' என்றால் அவளுடைய படகு, 'அ மாட்' என்றால் அவர்களுடைய படகு. கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அந்த 'ம' கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத்திலோ அவளுக்கும் அவர்களுக்கும் தனித்தனிச் சொல். ஐரிஷ் பாடத்துக்கு விலக்கு கேட்கவும் ஆங்கில வழிப் பள்ளியில் வழியுண்டு.

ஆனாலும் வீட்டில் அக்கா, அண்ணன், பாட்டி எல்லோரும் ஐரிஷ் பேசினால் நான் ஐரிஷ் வழிப் பள்ளியைத்தான் சொல்வேன். குடும்பப் பேச்சிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது கொடுமை. 2017 சட்டம் ஏற்ற ஐரிஷ் சைகை மொழி இரண்டு பள்ளியிலும் கட்டாயம் வேண்டும்.