நடையா, தண்டாலா? நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு

நாற்பது வயதுக்கு மேல் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியதும் ஆண்கள் முதலில் செய்வது ஷூ வாங்குவது. அதில் தப்பில்லை. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்கள்கூட தண்டால், பஸ்கி பக்கம் தலைவைப்பதில்லை. இரண்டில் எது மேல் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இதயத்துக்கு நடை நல்லது என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு. 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. (பின்னால் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களுக்குத் தொடக்கத்திலேயே இடுப்பு பெரிதாக இருந்தது தெரிந்தது. அதனால் முழுப் பெருமையையும் படிக்கட்டுக்குக் கொடுத்துவிட முடியாது.)

சர்க்கரைக்கும் நடை கைகொடுக்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே ஏறும் சர்க்கரை கொஞ்சம் அடங்கும். ஆனால் வேகம் வேண்டும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. பூங்காவில் நாலு பேர் சேர்ந்து அரசியல் பேசிக்கொண்டே போகும் நடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது.

சரி, நடை எங்கே தோற்கிறது? தசையில். முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. நடையில் கால்கள் கொஞ்சம் தப்பிக்கலாம். மார்பு, தோள், கைகளுக்கு வேலையே இல்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் அது தெரியும்.

ரத்த அழுத்தத்தில்தான் ஆச்சரியம். 2023-ல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நடை, ஓட்டம் போன்றவை மேல் அழுத்தத்தை (120/80 என்றால் அந்த 120-ஐ) சராசரியாக 4.5 புள்ளி குறைத்தன. அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிகள் 8-க்கு மேல் குறைத்தன. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்பது இந்த வகை. இரண்டு நிமிடம் நின்று, இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். முதலில் அரை நிமிடம் நின்றாலே தொடை நடுங்கும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

வாய்விட்டுப் பேசாத இன்னொரு விஷயம்: சிறுநீரை அடக்குவதுபோல் அடிவயிற்றின் கீழ்த் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பிராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் கசிபவர்களுக்கும், சிலருக்கு விறைப்புச் சிக்கலுக்கும் இது உதவுகிறது. எவ்வளவு நடந்தாலும் இந்தத் தசைக்கு இப்படியொரு பயிற்சி கிடைக்காது.

காயம் படும் வாய்ப்பு குறைவு என்பதில் நடைக்கே முதலிடம். முட்டி வலி உள்ளவர் முழு பஸ்கி போட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். தண்டாலைத் தரையில் தொடங்காமல் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருபவர் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் இரண்டையும்தான் கேட்கிறது: வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. என் கணக்கு இது: எதுவுமே செய்யாதவர் நடையில் தொடங்கட்டும், அதுதான் விட்டுப்போகாது. ஏற்கெனவே ஒரு மணி நேரம் நடப்பவர், வாரம் மூன்று நாள் கடைசிப் பதினைந்து நிமிட நடையை வெட்டிவிட்டு அதைத் தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கொடுக்கலாம். அப்புறம், நடந்து முடித்ததும் டீக்கடையில் இரண்டு வடை என்ற வழக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.