கார் கழுவும் நூடுல்ஸ் கையுறை: பதினொரு மாதம் பயன்படுத்திய பிறகு

என் கார் கருநீல நிறம். 2021-இல் என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் வண்டி. இரண்டு வருடம் கழித்து, ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில் பானெட்டைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள். யாரும் இடிக்கவில்லை, யாரும் கீறவில்லை. எல்லாம் துடைத்துத் துடைத்தே வந்தவை.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் வண்டி துடைக்க வரும் தம்பி ஒரே துணியில் இருபது வண்டிகளை முடிப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுக்கும் பணத்துக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் மண் படிந்த வண்டியை ஈரத்துணியால் இழுப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி. வண்ணத்தின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சின் கனம் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. "தம்பி, இனிமேல் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், பணம் அதேதான்" என்று சொல்லிவிட்டு, நானே கழுவ ஆரம்பித்தேன்.

அதற்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் 280 ரூபாய்க்கு வாங்கியதுதான் இந்த மைக்ரோஃபைபர் கையுறை. கடைக்காரர்கள் இதை நூடுல்ஸ் கையுறை என்கிறார்கள். இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தடித்த இழைகள் தொங்குகின்றன. ஷாம்பு நீரில் முக்கிக் கையில் மாட்டினால் நன்றாகக் கனக்கிறது. அந்தக் கனமே போதும், அழுத்தவே வேண்டாம். கதவின்மேல் தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. தட்டையான துணியில் மண் துகள் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கி உருளும். இதில் இழைகளின் இடுக்குக்குள் போய்விடுகிறது.

இடுக்குக்குள் போனதை வெளியே எடுக்காவிட்டால் கையுறையும் பழைய துணியும் ஒன்றுதான். அதனால் இரண்டு வாளி கட்டாயம் வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கதவு முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போகிறேன். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் மேடவாக்கம் சாலையில் தினமும் போய் வருகிற வண்டி இது. கழுவி முடித்து அந்த வெறும் தண்ணீர் வாளியைச் சாய்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் மணல் படிந்திருக்கும். விரலால் தொட்டால் நறநறவென்கிறது. இத்தனை நாளும் இதைத்தானே வண்டிமேல் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோன்றும்.

கையுறை படுவதற்கு முன்பே நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒட்டாத மண்ணை ஓடவிட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம். மெழுகுப் பூச்சையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு முறை நீலச் சாயம் போனது. ஐந்தாம் மாதம் மணிக்கட்டு எலாஸ்டிக் தளர்ந்து, நனைந்ததும் கையை விட்டு நழுவுகிறது. ஒருமுறை தரையில் விழுந்து, இழை இழையாக மணலைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. மழைக்காலத்தில் காய இரண்டு நாள் பிடிக்கிறது. ஈரத்தோடு மடித்து வைத்தால் நாறும். துவைக்கும்போது மற்றத் துணிகளோடு போடாதீர்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தையும் சேர்க்காதீர்கள், அழுக்கைப் பிடிக்கும் தன்மை போய்விடும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடும் உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், அதற்கு எந்தக் கையுறையும் மருந்தில்லை. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைச் சிலர் ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்து வருவதே அதில்தான். நான் படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வைக்கிறேன். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. புழுக்கமான இரவில் அரை வாளிக்குமேல் சேர்ந்துவிடும், கடைசி அலசலுக்கு அது போதும். பிறகு நிழலிலேயே நிறுத்தி, தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன்.

பழைய கீறல்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை எடுக்க பாலிஷ் போட வேண்டும், பாலிஷ் அந்த மெல்லிய பூச்சையே கொஞ்சம் தேய்த்து எடுக்கும். அதற்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பதினொரு மாதத்தில் புதிதாக ஒரு கீறலும் என் கண்ணில் படவில்லை. அடுத்த வாரம் சக்கரங்களுக்கென்று இன்னொரு கையுறை வாங்கப் போகிறேன், சிவப்பு நிறத்தில். இரண்டும் மாறிவிடக் கூடாது.